ஒரு டூட்டூவுக்காக சத்வா வரை

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அஜ்மானில் பஸ் ஏறினோம், நானும் என் மகள் ருகையாவும். துபாய் யூனியன் வரை ஆளுக்குப் பன்னிரண்டு திர்ஹம். தூரம் முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஷார்ஜா நெரிசல் மனது வைத்தால் முக்கால் மணி நேரம், இல்லாவிட்டால் ஒன்றரை.

போன காரியம் டூட்டூ. பாலே ஆட்டத்துக்கு இடுப்பைச் சுற்றி உடுத்துகிற வலைத்துணிப் பாவாடை அது. ருகையா பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாக மாலை வகுப்பில் பாலே கற்கிறாள். அடுத்த சனிக்கிழமை மேடையில் முன்வரிசையில் நிற்கப் போகிறாள்.

முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். நான் ஐந்து நேரத் தொழுகையை விடாதவன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. இருபது வருஷமாக அஜ்மானில் முக்காட்டுத் துணி விற்கும் கடையில் நிற்கிறேன். பிள்ளைக்கு எட்டு வயது. காலுக்குக் கனத்த வெள்ளைக் காலுறை, கைக்கு மணிக்கட்டு வரை சட்டை. அதற்கு மேல்தான் அந்தப் பாவாடை.

ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள் காக்கா போன் பண்ணினார். என் உடன்பிறந்த அண்ணன், அவரும் இங்கேதான் இருக்கிறார். விசா எடுத்து என்னை இந்த நாட்டுக்குக் கூட்டி வந்தவர். அவர் பேச்சை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

"எங்கலே போற?"

"துபாய்க்கு காக்கா. பிள்ளைக்கு உடுப்பு தைக்க."

"அந்தத் தொடை தெரியிற பாவாடையா? அதப் போட்டு மேடையில ஏத்தினேன்னு வையி, நானும் வரமாட்டேன், நீயும் என் வாசல்ல கால் வைக்காதே. கலாஸ், பேச்சு முடிஞ்சுது!"

போனை வைத்துவிட்டார். ருகையா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காத மாதிரி இருந்தாள், ஆனால் காது சிவந்திருந்தது.

பத்தே முக்காலுக்கு தேரா முர்ஷித் பஜார். துணி வாங்குவதில் எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தரம் சொல்வேன். மீட்டர் ஐந்து திர்ஹம் என்று பன்னிரண்டு மீட்டர் வெள்ளை வலைத்துணி வாங்கினேன். கையில் தண்ணீராக வழுகியது. அங்கிருந்து சத்வாவுக்கு டாக்ஸியில் இருபத்து நான்கு திர்ஹம்.

தையல்காரி ஜெசிந்தா மட்டக்களப்புக்காரி. ஒரு ரஷ்ய அம்மாவிடம் நாடக உடுப்புத் தைக்கக் கற்றவள். பையைப் பிரித்ததும் சிரித்தாள்.

"அண்ணை, பிள்ளைக்குக் கலியாணமோ?"

"ஏம்மா?"

"இது முக்காட்டுத் துணியெல்லோ! டூட்டூவுக்கு விறைச்ச வலை வேணும். இதைத் தைச்சா நனைஞ்ச கோழி மாதிரித் தொங்கும்."

எனக்கு முகம் செத்துவிட்டது. இருபது வருஷம் மெத்தென்ற துணியையே நல்ல துணி என்று விற்றவன் வேறெதை எடுப்பான்?

அவளே சமாதானம் சொன்னாள். "பரவாயில்லை. முதல் முதல் டூட்டூ கணுக்காலுக்குக் கிட்ட நீளமாத்தான் இருந்தது. கிட்டத்தட்ட இருநூறு வருசத்துக்கு முந்தி, பிரான்சில. அதுக்கு இந்த மெத்தெண்ட துணிதான் சரி. மணி மாதிரி விழும். நல்ல வடிவு."

எனக்குள் ஒரு கதவு திறந்தது. நீளமான பாவாடை! பிள்ளையும் ஆடுவாள், காக்காவும் வாயை மூடுவார். "அப்ப அதையே தைச்சிடும்மா" என்றேன்.

"வாப்பா," ருகையா என் சட்டையை இழுத்தாள். "லாங் ஸ்கர்ட்ல என் ஃபுட்வொர்க் தெரியாது. அதுக்குத்தானே டீச்சர் என்னை ஃப்ரன்ட்ல போட்டாங்க?"

ஜெசிந்தா ஊசியைக் கீழே வைத்தாள். "பிள்ளை சொல்லுறது சரி அண்ணை. கால் வேலை கூடக் கூடத்தான் பாவாடையும் மேல ஏறினது. காலை மறைச்சா ஆடினதை ஆர் காணுறது? லேசுப்பட்ட உடுப்பில்லை இது. அந்தக் காலத்தில மேடையில காஸ் விளக்கு. பாவாடையில நெருப்புப் பிடிச்சு ஒரு பெட்டை செத்தே போனாள். எரியாத மருந்தில தோய்ச்ச துணியும் இருந்ததாம். வடிவில்லை எண்டு அவள் போடமாட்டன் எண்டவள்."

தையற்கடையில் மாதிரிக்கு ஒரு குட்டை டூட்டூ தொங்கியது. ருகையாவுக்குக் கட்டிப் பார்த்தோம். தாம்பாளம் போல இடுப்பைச் சுற்றி நின்றது. அவள் குதித்தாள். கால் தரையைத் தொட்ட பிறகு, ஒரு நொடி பிந்தி, பாவாடை இறங்கியது. நானும் துணிக்காரன்தான். துணி மூச்சு விட்டு அன்றுதான் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பிள்ளையை ஜெசிந்தாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுது முடித்து அங்கேயே உட்கார்ந்தேன். யா அல்லாஹ், நான் யாருக்குப் பயந்து நீளம் கேட்டேன்? உனக்கா, காக்காவுக்கா? பதிலுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. படைத்தவனுக்கு என்றால், போர்த்த வேண்டியதெல்லாம் போர்த்தித்தான் இருக்கிறது. பாக்கி முழுவதும் அண்ணனுக்கு. அண்ணனை மதிப்பேன். பள்ளிவாசலில் உட்கார்ந்து அண்ணனுக்கு அஞ்ச மாட்டேன்.

ஒன்றேகால் மணிக்குத் திரும்பி வந்து, "விறைச்ச வலை எங்கம்மா கிடைக்கும்?" என்றேன்.

"அடுத்த தெருவில. அப்ப கட்டைப் பாவாடையோ?"

"பிள்ளை கேட்ட மாதிரி."

ருகையா கடையின் நடுவில் ஒற்றைக்காலில் ஒரு சுற்று சுற்றினாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மறுபடி இருவரும் போய்த் தைத்த டூட்டூவை வாங்கினோம். பத்து அடுக்கு வலை, ஒவ்வோர் அடுக்கும் கையால் சுருக்கியது. கூலி முந்நூற்றைம்பது திர்ஹம். "மடிக்கப்படாது அண்ணை, கவனம்" என்று கைக்குழந்தையைத் தருவது போலத் தந்தாள். யூனியனில் நாலரைக்கு பஸ். டிரைவர் பாகிஸ்தான் பட்டாணியர். "பாய், யே சத்ரி ஹை க்யா?" என்று குடையா இது என்கிற மாதிரிக் கேட்டார். "நோ அங்கிள், டூட்டூ!" என்றாள் ருகையா. அவர் "அச்சா, அச்சா" என்று அதற்கென்று முன் இருக்கையில் இடம் காட்டினார்.

ஷார்ஜா நெரிசலில் பஸ் நின்றபோது நானே காக்காவைக் கூப்பிட்டேன்.

"காக்கா, பாவாடை வாங்கியாச்சு. குட்டைதான்."

அவர் வாயைத் திறக்குமுன் நானே தொடர்ந்தேன்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஆட்டம். உங்களுக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி சொல்லி வச்சிருக்கேன். வந்தா நெஞ்சு குளிரும். வரலைன்னா அது காலியாவே கிடக்கும், வேற ஆளை உக்கார வைக்க மாட்டேன். உங்க வாசலுக்கு வர வேணாம்னா வரல. ஆனா பிள்ளை ஏறுவா."

"நீயாலே பேசுற?" என்றார்.

"நான்தான் காக்கா."

போன் அறுந்தது. ஊரில் இருந்திருந்தால் இந்தப் பேச்சைப் பேசியிருப்பேனா என்று தெரியவில்லை. அங்கே காக்கா வீடு அடுத்த வாசல். முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே பேசிவிட்டேன். பேச்சைத் திரும்ப வாங்கத் தோன்றவில்லை.

"பெரியவாப்பா வருவாங்களா?" என்றாள் ருகையா.

"தெரியலம்மா. ஆனா நீ ஆடுவ."