தெரியும் என்று சொன்னவள்

மகாதேவி கிர்கிஸ்தானுக்கு விமானம் ஏறிய வாரத்திலேயே பூம்பாறையில் அவளுடைய அப்பா பழனிச்சாமியை ‘டாக்டரப்பா’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. பூண்டுத் தோட்டத்தில் பாதியை விற்றுத்தான் மகளை அனுப்பினார். வாங்கியவர் அங்கே மரத்தில் காட்டேஜ் கட்டி, கொடைக்கானல் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். மிச்சத் தோட்டத்துக்குப் போக அதைத் தாண்டித்தான் போகவேண்டும். காரைத் துடைத்துக்கொண்டிருக்கும் டிரைவர்களிடம் பழனிச்சாமி வலியப் போய்ப் பேசுவார். இது என் இடமாகத்தான் இருந்தது, மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்பார்.

நீட் மதிப்பெண் அரசுக் கல்லூரிக்கு எட்டவில்லை. தனியார் கல்லூரியை நினைத்துப் பார்க்கவே முடியாது. அப்போதுதான் திண்டுக்கல்லில் ஒரு ஏஜென்ட் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் பெயரைச் சொன்னான். மகாதேவி பூம்பாறைக் குளிரில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் அந்த ஊர்க் குளிர் வேறு மாதிரி இருந்தது. மூக்குக்குள் ஈரம் உறைந்து குத்தியது. பாடம் இங்கிலீஷில் நடந்தது. நோயாளிகள் ரஷ்யனும் கிர்கிஸும் பேசினார்கள். இந்தியப் பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி இரண்டாவது வரிசையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அவள் பெரிய கெட்டிக்காரியில்லை, மக்குமில்லை. விடாமல் படிக்கிறவள்.

கொரோனா வந்ததும் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருசத்துக்கும் மேல் வகுப்பு போனில்தான். வீட்டில் சிக்னல் கிடைக்காது. அடுக்கடுக்காய்த் தோட்டங்கள் தெரியும் ரோட்டு வளைவில் மட்டும் கிடைக்கும். அந்தக் கைப்பிடிச் சுவரில் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்து, ஒரு நோயாளியின் வயிற்றில் கை வைத்து ஈரலை எப்படித் தடவிப் பார்ப்பது என்று படத்தில் பார்த்தாள். போட்டோ எடுக்க வந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரும்படி கேட்பார்கள். அவளும் தள்ளி உட்காருவாள்.

அந்த நாட்களில்தான் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். முழங்கால் வலி, மயக்கம், பிள்ளைக்குப் பேதி. இன்னும் படிப்பு முடியவில்லை, நான் பார்க்கக்கூடாது என்று அவள் சொன்னால் அப்பா குறுக்கே விழுவார். சும்மா பார்த்துச் சொல், என்ன வந்துவிடப்போகிறது என்பார். அவள் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு கொடைக்கானல் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்.

திரும்பிப் போய்ப் பட்டத்தோடு வந்தாள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுதித் தேறவேண்டிய பரீட்சை ஒன்று உண்டு. அது ஆகாதவரை அந்தப் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம், ஒரு காய்ச்சல் மாத்திரைகூட எழுதிக் கொடுக்கமுடியாது. முதல் தடவை தோற்றாள். இரண்டாவது தடவையும் தோற்றாள். அங்கே பாஸாகித்தானே பட்டம் கொடுத்தார்கள், மறுபடியும் எதற்குப் பரீட்சை என்று பழனிச்சாமி கேட்டுக்கொண்டே இருந்தார். ஊரில் கேட்டவர்களிடம் போஸ்டிங்குக்குக் காத்திருப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வெளியே உண்மை தெரிந்தவள் அன்னக்கொடி ஒருத்திதான். பக்கத்துத் தோட்டத்து வேல்ராஜின் மனைவி. வேல்ராஜ் பழனிச்சாமிக்குப் பங்காளி மகன். மகாதேவிக்கு அண்ணன் முறை. தேர்வு முடிவு வந்த அன்று மகாதேவி அழுதது அன்னக்கொடியின் அடுப்படியில்தான். அவள் அதை வேல்ராஜிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு மகாதேவி வீட்டில் இருந்த மாதங்களில்தான் வேல்ராஜ் செத்துப்போனான்.

காலையிலிருந்து பூண்டுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தான். முதுகில் மாட்டுகிற டேங்கின் மூடி சரியில்லை. மருந்து கசிந்து சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. சாப்பிட வீட்டுக்கு வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அன்னக்கொடி வந்து கூப்பிட்டபோது மகாதேவி ஓடினாள். அந்தக் குளிரில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. வாயில் நீர் ஒழுகியது, கண்ணில் நீர் வழிந்தது. கெண்டைக்கால் சதை தோலுக்கு அடியில் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அவள் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றாள். அதற்குள் ஜீப் வந்துவிட்டது, ஆட்கள் தூக்கி ஏற்றிவிட்டார்கள். ஜீப்பில் மறுபடியும் சொன்னாள். குளிரில் விறைத்துப்போவான் என்று யாரோ ஈரச் சட்டைக்கு மேலேயே கம்பளியைச் சுற்றினார்கள். அவள் அதற்குமேல் சொல்லவில்லை.

டவுனில் ஊர்க்காரர்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குத்தான் போனார்கள். மலைரோட்டில் வாந்தி எடுத்த டூரிஸ்ட் பிள்ளைகளால் வராந்தா நிறைந்திருந்தது. டாக்டர் வேல்ராஜைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, மருந்து குடித்தாரா என்பது. அன்னக்கொடி பதறிப்போனாள். குடித்தான் என்றால் போலீஸ் வரும், ஊரில் பேச்சு வரும். அப்படியெல்லாம் இல்லவே இல்லை, நேற்றுக் கறி சாப்பிட்டார், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் வாந்தி நிற்க ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, நெஞ்சுக்கு ஈசிஜி எடுக்கச் சொன்னார்.

மகாதேவி கட்டிலருகே போனாள்.

“சார், இவரு குடிக்கல. காலையில இருந்து தோட்டத்துக்கு மருந்து அடிச்சிருக்காரு. பியூப்பில் ரொம்பச் சின்னதா இருக்கு. அட்ரோபின்…”

“நீங்க யாரு?”

“எம்.பி.பி.எஸ். முடிச்சிருக்கேன் சார்.”

“எங்க?”

“கிர்கிஸ்தான்ல.”

“இங்க பரீட்சை க்ளியர் பண்ணியாச்சா?”

“இல்ல சார்.”

“அப்ப வெளிய நில்லுங்க.”

அவர் கத்தவில்லை. அடுத்த பிள்ளையின் வயிற்றை அமுக்கிக்கொண்டே சொன்னார். மகாதேவி வெளியே வந்தாள்.

பெஞ்சில் அன்னக்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள் மகாதேவி. அப்போதும் நேரம் இருந்தது. அரசு ஆஸ்பத்திரி அதே டவுனில்தான் இருந்தது. இங்கே வேண்டாம், அங்கே தூக்குங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் ஜீப்காரர் தூக்கியிருப்பார். ஒருவேளை நான் சொல்வது தப்பாக இருந்தால், என் பேச்சைக் கேட்டுத் தூக்கிப் போகிற வழியில் உயிர் போனால் என்று யோசித்தாள். இரண்டு தடவை தோற்றவள். வாசலில் கிடந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூச்சு இரைக்கத் தொடங்கிய பிறகு மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பெருமாள்மலை தாண்டி இரண்டு மூன்று வளைவு இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது, ஆம்புலன்ஸ் நின்றது. திருப்பிக் கொண்டுவந்தபோது கிளினிக்கில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இழவு வீட்டில் பேச்சு அவள் காதுபடவே நடந்தது. டாக்டருக்குப் படித்த பிள்ளை கூடவே போயிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லையே என்றார்கள். காசு கொடுத்து வாங்கின படிப்பு அப்படித்தான் இருக்கும் என்றது இன்னொரு குரல். பழனிச்சாமி தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் டாக்டரப்பா என்று கூப்பிடவில்லை. முழங்கால் வலிக்காரர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அன்னக்கொடி மட்டும் குறை ஏதும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை என்ன செய்யும், அதுக்குத் தெரிந்தால் செய்யாமலா இருக்கும் என்று அவள் சொன்னதாக அம்மா முருகேஸ்வரி வந்து சொன்னாள். அதைக் கேட்ட அன்று மகாதேவி சாப்பிடவில்லை.

அடுத்த தடவை தேறினாள். பழனிச்சாமி நாலைந்து வீட்டுக்கு மட்டும் லட்டு கொடுத்தார்.

பயிற்சி டாக்டராக மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பாடத்தில் ஒரு பகுதி போனில் நடந்தது என்பதால் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வருசம் வேலை செய்யவேண்டும் என்றார்கள். இங்கேயே படித்தவர்கள் ஊசி போட்டார்கள், தையல் போட்டார்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் ரத்தக் குழாய்களை லேபுக்குத் தூக்கிப் போனார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளினார்கள். அவளுக்குப் பெயர்கூட இல்லாமல் போயிற்று. ‘ஏ, ஃபாரின்’ என்பார்கள். ரவுண்ட்ஸில் ஒரு பெரிய டாக்டர், கிர்கிஸ்தானில் இதையெல்லாம் கண்ணில் காட்டினார்களா என்று கேட்பார். படுத்திருக்கும் நோயாளிகளும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அங்கே சேர்ந்த புதிதில் கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். மருந்து அடித்தவர். அதே வேர்வை, அதே கண்மணி. அவளோடு நின்ற பயிற்சி டாக்டர் பையன் பெரிதாக யோசிக்காமல் அட்ரோபின் ஊசியை எடுத்தான். திரும்பத் திரும்பப் போட்டார்கள். மறுநாள் அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்து, டீ வாங்கித் தருவார்களா என்று கேட்டார். மகாதேவி மாடிப்படியில் போய் நின்றுகொண்டாள். வேல்ராஜைப் பிழைக்க வைப்பது அத்தனை கஷ்டமான காரியமாக இருந்திருக்காது என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

பயிற்சி முடித்து மேற்படிப்புக்கும் எழுதினாள். பொது மருத்துவத்தில் இடம் கிடைத்தது. அவள் சேர்ந்தது மலைக்காரர்களை அனுப்பிவைக்கும் பெரிய ஆஸ்பத்திரி. வார்டில் அவள் பொறுப்பில் கட்டில்கள் இருந்தன. அவளைத் தேடிவந்து சந்தேகம் கேட்டார்கள். வேலையில் அவள் தேறிவிட்டாள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஒரு மார்கழியில் அன்னக்கொடி மாமியாரை மூச்சுத்திணறலுக்காக அந்த வார்டுக்குக் கொண்டுவந்தாள். தெரிந்த முகத்தைக் கண்டதில் அவளுக்குச் சந்தோஷம். மகாதேவிக்குக் கம்பங்கூழ் பிடிக்கும் என்று வெளியே தேடி வாங்கிவந்து கொடுத்தாள். நான்கைந்து நாள் அங்கேயே இருந்தவள், எதிர்க் கட்டில்களில் வந்து படுத்தவர்களையும் பார்த்தாள். ஒரு மத்தியானம் வராந்தாவில் மகாதேவியை நிறுத்தினாள்.

“மகா, ஒண்ணு கேக்கணும். மருந்தடிச்சுட்டு வர்ற ஆளுகளப் பாக்கேன். எல்லாரும் அவரு மாதிரியேதான் வேர்த்துக் கெடக்காங்க. ஊசி போட்டா எந்திரிச்சு ஒக்காருறாங்க. அவருக்கும் அதுதானா?”

“அதுதான் மதினி.”

“அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஊரே நம்பியிருந்த பதில் அது. அன்னக்கொடியும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்து நின்றாள்.

“தெரியும்” என்றாள் மகாதேவி.

ஒரு ஸ்ட்ரெச்சர் போனது, இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கூட அந்தப் பெஞ்சில ஒக்காந்திருந்த” என்றாள் அன்னக்கொடி.

டாக்டரிடம் உள்ளே சொன்னதையும், அவர் வெளியே நிற்கச் சொன்னதையும் மகாதேவி சொல்லப் பார்த்தாள். அன்னக்கொடி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மாமியாருக்கு ஸ்கேன் எங்கே எடுப்பார்கள் என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நர்ஸ் வந்து, அந்தப் பாட்டியம்மாவை வேறு டாக்டர் பார்க்கவேண்டுமென்று அவர்கள் வீட்டில் கேட்கிறார்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் ஏதாவது தகராறா என்று கேட்டாள்.

உண்மையை ஏன் சொன்னோம் என்று மகாதேவி பிறகு பலமுறை யோசித்தாள். அன்னக்கொடிக்குச் சேரவேண்டிய உண்மை என்பதாலா, அல்லது இன்னும் ஒரு ஆள் தன்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பதைத் தாங்கமுடியாமலா? அவளுக்கே பிரித்துப் பார்க்க வரவில்லை.

அன்னக்கொடி ஊர் திரும்புவதற்கு முன்பே சேதி மலையேறிப் பூம்பாறைக்குப் போய்விட்டது. பழனிச்சாமி வெள்ளனே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, வாங்கிய டீயை ஆறவிட்டார்.

“தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தாயி.”

“பொய் சொல்லச் சொல்றீங்களாப்பா?”

“தெரியாதவன்னு பேசுனாங்க, தாங்கிக்கிட்டேன். படிப்பு சரியில்ல, ஏமாந்துட்டோம்னு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப என்னன்னு சொல்லுவேன்?”

அன்று தனக்கு ஊசியைத் தொடும் உரிமைகூட இல்லை என்று அவள் விளக்கினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தனக்குப் புரிகிறது, ஊருக்குத்தான் புரியாது என்றார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டபிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

“தைத் தேருக்கு இந்தத் தடவ வர வேணாம். அவ வீட்டு வழியாத்தான் தேரு வரும்.”

மகாதேவி சரி என்றாள். தேரன்று வார்டில் வேலை பார்த்தாள்.

படிப்பு முடிந்ததும் வீட்டு முன் அறையில் கிளினிக் வைத்துப் பூம்பாறையிலேயே உட்காரவேண்டும் என்று ஒருகாலத்தில் நினைத்திருந்தாள். அந்த அறையில் இப்போது பூண்டுக் கட்டுகளை அடுக்கியிருப்பதாக அம்மா போனில் சொல்கிறாள். அன்னக்கொடி எதிரே வந்தால் அம்மாவிடம் முகம் கொடுப்பதில்லை. மாமியாருக்கு மூச்சு வாங்கினால் அந்தப் பழைய கிளினிக்குக்குத்தான் கூட்டிப் போகிறாள். அந்த ஆளிடமே போகிறாயே என்று யாரோ கேட்டதற்கு, அவருக்குத் தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டார், அவர் என்ன செய்வார் என்றாளாம்.