அலை பார்க்காத கடற்கரைப் பிள்ளை

போன ஆடி மாதம் நடந்தது இது. மத்தியப் பிரதேசத்தில் மழை பிடித்துக்கொண்டதால் எங்கள் போர்வெல் லாரி வயலுக்குள் இறங்க முடியாமல் நின்றுவிட்டது. மழை விடும்வரை ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் என்று ஆட்களை அனுப்பிவிட்டார்கள். நானும் கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குப் படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். அதனால் லாரி ஏறினேன். ஓட்டல், செங்கல் சூளை, ரோடு வேலை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் போர்வெல் வண்டியில் வந்து நின்றேன். பட்டினி கிடந்த நாளும் உண்டு, குழாய்க்கு அடியில் விரல் நசுங்கிய நாளும் உண்டு. அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரே ஊரில் சேர்ந்தாற்போல இருந்தால்தான் எனக்குக் கால் அரிக்கும்.

மகள் விஷயம் மட்டும்தான் உறுத்தியது. அவளுக்கு நாலு வயது. போனில் என்னோடு வாய் ஓயாமல் பேசுவாள். நேரில் வந்து நின்றால் அம்மாவின் சேலைக்குள் போய்விடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து தள்ளிப் போவாள். பொங்கலுக்கு வந்தபோதும் அப்படித்தான், இந்தத் தடவையும் அப்படித்தான். ஒருநாள் நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, "அப்பாவுக்குப் போன் போடும்மா" என்று கேட்டாள். என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை விட்டால் எந்த நாளிலும் வேலைக்குக் கூப்பிடுவார்கள். அதற்குள் ஒருதடவையாவது அவளாக என்னிடம் வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் தீம் பார்க் போகலாம் என்று சொன்னேன். திருச்சி ரோட்டில் கொடும்பாளூருக்கு அப்பால் ஒன்று திறந்திருந்தார்கள்.

எந்த ஊருக்கும் யோசிக்காமல் கிளம்பிப் போகிறவன் நான். அந்த ஒருநாளுக்கு மட்டும் உட்கார்ந்து திட்டம் போட்டேன். யூடியூபில் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். கேட் திறந்ததும் குட்டி ரயில், கூட்டம் சேர்வதற்குள் ராட்டினம், அப்புறம் சுற்றுகிற கோப்பை, வெயில் ஏறியதும் தண்ணீர் விளையாட்டு என்று வரிசையாகச் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"பிள்ளைய கூட்டிட்டுப் போறீங்களா, லோடு ஏத்திட்டுப் போறீங்களா?"

"அம்புட்டையும் பாக்க வேணாமா?"

"அம்புட்டையும் பாக்கணும்னு போனா அவ ஒண்ணையும் பாக்க மாட்டா. தூங்குனா தூங்கட்டும், அழுதா வெளிய வந்துருவோம். அன்னவாசல்ல அக்கா வீட்டுல போயி இருந்துக்குவோம். அவளுக்கு என்னைக்குத் தோதுப்படுதோ அன்னைக்குப் போவோம்."

மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். பிள்ளையைத் தூக்கக் கூடாது, ராட்டினத்தில் ஏறக் கூடாது. உள்ளே போனால் மகள் என்னோடுதான் வந்தாக வேண்டும். அதுவும் என் கணக்கில் இருந்தது.

மனைவி சொன்னது நல்லதாகப் போயிற்று. அறந்தாங்கி தாண்டுவதற்குள் மகள் பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டாள். அன்னவாசல் போய்ச் சேர்ந்தபோது உடம்பு லேசாகச் சுட்டது. மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாள். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மனைவியின் அக்கா, என் மதினி, பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பார்க்கு அவளுக்கா ஒங்களுக்கா? நீங்க வேணா போயி ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, நாங்க பிள்ளைய பாத்துக்கிறோம்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் மகள் எழுந்ததுமே பசிக்கிறது என்றாள். கிளம்பிவிட்டோம். இலுப்பூர் வழியாக விராலிமலை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தோம். வெளிச்சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். அதனால் மதினி கட்டிக்கொடுத்த எலுமிச்சம் சோற்றைக் கேட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் உட்கார்ந்து காலையிலேயே சாப்பிட்டு முடித்தோம். ஆடிக் காற்று இலையைத் தூக்கிக்கொண்டு போனது.

உள்ளே போனதும் என் திட்டம் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் அதன் முன்னால் நின்றுவிட்டாள், நகரவே இல்லை. குட்டி ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது. ராட்டினத்துக்குப் போனால் வாசலில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட பலகை. படத்தில் அது நீட்டியிருந்த கையின் உயரத்துக்கு வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் அனுமதி. மகளின் தலை அதன் முழங்காலைத் தாண்டவில்லை.

"அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க" என்றார் அங்கே நின்றவர்.

அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு விளையாட்டுக்கு முன்னாலும் ஓடிப் போய் அந்தப் பலகையில் முதுகை ஒட்டி நின்றாள். தலையில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். அவ்வளவுதான் அவள் விளையாட்டு. சுற்றுகிற கோப்பையில் மட்டும் அவளை ஏற்றலாம் என்றார்கள். நான் தூக்கப் போனேன். உடம்பை விறைத்துக்கொண்டு கத்தினாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் பிள்ளை பிடிக்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

மனைவி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "விட்டுருங்க. அவ போற போக்குல போவோம்."

சரி என்று விட்டுவிட்டேன். முன்னால் மகள் நடக்க, பின்னால் நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஒரு கடையைச் சுற்றித் திரும்பியதும் நின்றாள். எதிரே அகலமாக ஒரு குளம். நீல நிறத் தரை, தெளிந்த தண்ணீர். கரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. ஆட்கள் ஆங்காங்கே நின்றும் உட்கார்ந்தும் இருந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"கடலு" என்றாள் மகள். அன்றைக்கு அவள் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

கரையோரத்தைத் தாண்டி உள்ளே இறங்க நைலான் உடை போட வேண்டும். வாடகைக்கு எடுத்து மகளுக்கு மனைவி மாற்றிவிட்டாள், நானும் மாற்றிக்கொண்டேன். மனைவி பக்கத்திலிருந்த கொட்டகை நிழலில் உட்கார்ந்தாள். மகள் எங்கள் ஊர்க் கரையில் இறங்குவதுபோலவே கையை வீசிக்கொண்டு இறங்கினாள்.

எங்கள் கடலைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அலை கிடையாது. வாடைக் காற்று வீசுகிற மாதங்களில் கொஞ்சம் குமுறும். அப்போது பிள்ளைகளைக் கரைக்கு விட மாட்டோம். மற்ற நாட்களில் ஏரி மாதிரித்தான் கிடக்கும். ஆழமும் கிடையாது. சேற்றிலும் பாசியிலும் காலை வைத்து நடந்துகொண்டே இருக்கலாம், வெகுதூரம் போனாலும் தண்ணீர் முழங்காலில்தான் நிற்கும். எங்கள் பிள்ளைகள் நடை பழகுவதே அதில்தான். தண்ணீரில் போகிற பிள்ளையைப் பார்த்து நாங்கள் பதறுவதில்லை. நான் ஊர் ஊராகச் சுற்றியவன்தான், ஆனால் சுற்றியதெல்லாம் தண்ணீர் இல்லாத பூமி. வேறொரு கடலில் நான் கால் நனைத்ததே இல்லை.

அதனால் அவளைப் போகவிட்டேன். பக்கத்தில் போனால் கரையேறிவிடுவாள் என்ற பயம் வேறு. கொஞ்சம் தள்ளியே நின்றேன். தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. இதற்கு மேல் ஏறாது என்றே என் உடம்பு நினைத்துக்கொண்டிருந்தது.

திடீரென்று சங்கு ஊதியது. குளத்துக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஓவென்று கூச்சல் போட்டார்கள். கரையில் இருந்தவர்களும் கும்பலாகத் தண்ணீருக்குள் ஓடினார்கள். நான் பார்த்த வீடியோக்களில் இது இல்லை, எனக்கு எதுவும் விளங்கவில்லை. குளத்தின் அந்தக் கோடியில் சுவர் ஓரமாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு எழுந்தது. எழுந்தது வரிசையாக எங்களை நோக்கி வந்தது. எனக்கும் மகளுக்கும் நடுவில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் முதுகுகளுக்கு இடையில் அவள் தலை தெரிந்தது. அடுத்துப் பார்த்தபோது தெரியவில்லை.

ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனேன். கால் வழுக்கியது. எங்கே கை விட்டாலும் யாருடைய காலோதான் தட்டுப்பட்டது. விசில் சத்தம் கேட்டது. போர்வெல் வண்டியில் இரும்புக் கயிறு அறுந்து தலைக்கு மேல் போனபோதுகூட எனக்கு அப்படிக் காது அடைத்ததில்லை.

மஞ்சள் நைலான் உடை போட்ட ஒரு பெண் மகளை உடையோடு சேர்த்துப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். தன் பிள்ளைகளோடு வந்தவர். அவர் கரைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மகளைக் குனியவைத்து முதுகில் தட்டினார். அவள் இருமித் தண்ணீரைக் கக்கினாள்.

"ஏங்க, கண்ணு எங்கங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார் அந்தப் பெண்.

என் வாயில் வந்தது இதுதான். "எங்க கடல்ல முழங்காலுக்கு மேல வராதுங்க."

"இது கடலில்லைங்க. மோட்டாரு தள்ளுது. நீங்க எந்த ஊரு?"

"கோட்டைப்பட்டினம் பக்கம்."

"கடக்கரையில இருந்துக்கிட்டா இப்பிடி நின்னீங்க?" அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. மகளின் மூக்கைக் கையால் துடைத்துவிட்டு அவர் தன் பிள்ளைகளிடம் போய்விட்டார். நான் நன்றி சொன்னேனா என்று எனக்கே நினைவில்லை.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்து சேர்ந்தாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் அழப்போகிறாள், இனிமேல் ஜென்மத்துக்கும் என் பக்கம் வர மாட்டாள் என்று நினைத்தேன்.

மகள் அழவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன, முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மாவின் கையிலிருந்து விலகிக் குளத்தையே பார்த்தாள். அலை எழும்பி எழும்பி வந்துகொண்டிருந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்து, நேராக என்னிடம் கேட்டாள்.

"அது என்னது?"

"அலை" என்றேன்.

"அலை" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள்.

சங்கு மறுபடி ஊதி அலை நின்றது. தண்ணீர் பழையபடி அசையாமல் கிடந்தது. மகள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க. அது திரும்ப வருதான்னு பாப்போம்."

மனைவியைப் பார்த்தேன். "ஓரத்துல உக்காருங்க. நானும் வாரேன். இனிமே ஒங்க ரெண்டு பேருக்கும் நான்தான் காவலு" என்றாள்.

கணுக்கால் நனைகிற இடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சாயங்காலம்வரை அங்கேதான் இருந்தோம், வேறு எதையும் பார்க்கவில்லை. மகளுக்குக் காத்திருக்கச் சலிக்கவே இல்லை. சங்கு ஊதியதும், "வருது" என்று ரகசியம்போலச் சொல்வாள். முதல் அலை எழும்போது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள். அலை எங்கள் காலடியில் வந்து படர்ந்து திரும்பிப் போகும்வரை விட மாட்டாள். நின்றதும் விட்டுவிடுவாள்.

"உள்ள யாரு இருக்கா?"

"மோட்டாரு இருக்கு."

"நம்ம கடல்ல ஏன் இல்ல?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் அலையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பாறையைத் துளைத்துத் தண்ணீர் பீறிட்டு வரும்போது சுற்றி நிற்கிற ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் கைகூப்புவார்கள். அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று அந்தச் சின்ன முகத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன்னை உள்ளே இழுத்த தண்ணீர் இது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான், இமைக்காமல், வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது, நான் வண்டிக்குப் போய்விட்டேன்.

போன வாரம் மனைவியோடு போனில் பேசும்போது, அந்தக் கதையை அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "பெரிய அலை வந்துச்சா, அப்பா பயந்துட்டாங்க. நான்தான் கையப் புடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

அவள் சொல்வது உண்மைதான் என்று எனக்குப் படுகிறது. தலைக்கு மேல் தண்ணீர் போய் வந்த பிறகும், அது என்னது என்று கேட்டுக்கொண்டு நின்ற அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது, கும்பிடவும் தோன்றுகிறது.