மருதாணி வைத்த விரலும் வருகைப் பதிவும்

எங்கள் கல்லூரிக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில், தீயணைப்பு வாளிக்கு மேலே, விரல் வைக்கும் மெஷின் இருக்கிறது. விரல் ஒத்துப்போனால் பச்சை விளக்கு எரிந்து ஒரு பெண் குரல் ‘தேங்க் யூ’ என்று சொல்லும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு. ‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’. அந்த இரண்டாவது வாசகத்தைக் கேட்டால் இன்றும் நான் நின்று திரும்பிப் பார்க்கிறேன்.

அது ஒரு சமுதாயக் கல்லூரி. நான் நோயாளிப் பராமரிப்புப் படிப்புக்குப் பயிற்றுநர். ஒழுங்கானவள் என்று பெயர் வாங்கிவிட்டதால் வருகைப் பதிவுப் பொறுப்பும் என்னிடம்தான். அங்கே சேர வயது வரம்பு கிடையாது. பத்தாவது முடித்திருந்தால் போதும். விடியற்காலையில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களும் படிக்க வேண்டும் என்றுதான் வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றியிருந்தோம். மெஷின் எண்ணுகிற தலைகளுக்கு மட்டுமே நிதி வரும். எங்கோ ஒரு நிறுவனம் இல்லாத மாணவர்களைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டதாம். அதன் பிறகு வந்த விதி அது. விதி தவறென்று என்னால் சொல்ல முடியாது. பொதுப் பணத்துக்கு யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ‘யாராவது’ நானாக இருப்பேன் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு சேர்ந்தவர்களில் ஒருத்தி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிப்பவள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய். ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறி, இறால் ஓடு கீறிக் கீறி, அவள் விரல் நுனிகள் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. தினமும் விரலைத் தலையில் தேய்த்து, எண்ணெய்ப் பசை ஏற்றி மெஷினில் வைப்பாள். பெரும்பாலும் சிவப்புதான். அப்போது முதல்வரிடம் சொல்லிவிட்டு, நானே வருகை எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவேன். அவள் ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. ஆனாலும் காகிதத்தைப் பார்க்கிறவருக்கு அவள் என் கையெழுத்தாக மட்டுமே இருந்தாள்.

தேர்வில் தேறினால் ஊருக்குள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். “ஐஸ்ல கை வெக்காத வேலை எதுவா இருந்தாலும் போதும் மேடம்” என்று சேர்ந்த அன்றே சொன்னவள் அவள்.

தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு, நிதி கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு குழு திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. ஒவ்வொரு மாணவியும் அவர்கள் முன்னால் விரல் வைக்க வேண்டும். மெஷின் ஏற்காதவர்கள் தேர்வு எழுத முடியாது. கையால் வருகை எழுதியவர் விளக்கம் தர வேண்டும்; அதை அவர்கள் ஏற்காவிட்டால் வேலையும் போகலாம்.

“உங்க கையெழுத்துதான் நிறைய இருக்கு. பாத்துக்குங்க” என்றார் முதல்வர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது. நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் என் கணவர், “நீதான் பொய் எழுதலையே, அப்புறம் எதுக்குப் பயப்படற?” என்றார். பொய் எழுதியிருந்தால் அதற்கு ஒரு பதிலும் யோசித்து வைத்திருப்பேன். என்னிடம் அப்படி எதுவும் இல்லை.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டேன்.

“திங்கக்கிழமை வரைக்கும் ஐஸ்ல கை வைக்காதம்மா. கை நல்லா ஆறட்டும்.”

“நாலு நாள் கூலி போவும் மேடம்.”

“போகட்டும்” என்றேன். எவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

திங்கட்கிழமை அவள் முந்தானைக்குள் கைகளை வைத்துக்கொண்டு வந்தாள். ஏதோ புண் போலிருக்கிறது என்று நினைத்தேன். கையை வெளியே எடுத்தாள். பத்து விரலிலும் நுனியிலிருந்து முதல் கணு வரை, தொப்பி போட்டதுபோல, அடர்ந்த மருதாணிச் சிவப்பு.

“கை ஆறணும்னு சொன்னீங்களே மேடம். மாமியாருதான் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மருதாணி அரைச்சி வெச்சி உட்டாங்க. சேத்துப்புண்ணுக்கே அதானே மருந்து?”

மழைக்காலத்தில் என் கால் விரல் இடுக்குகளுக்கு நானும் அதைத்தான் வைத்துக்கொள்வேன். தண்ணீரில் ஊறிய தோலுக்கு எங்கள் பக்கத்தில் வேறு எதை வைப்பார்கள்? மருதாணி வைத்த விரலை மெஷின் ஏற்காது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

வரிசையில் நின்ற ஒருத்தி, “இன்னாடி, செக்கிங்குக்கு வந்தியா, நலங்குக்கு வந்தியா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அவளுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணினேன்.

குழுவில் இருவர். கண்ணாடி போட்ட அதிகாரி மெஷின் அருகே நின்றார்; இளையவர் பெயர் வாசித்தார். பச்சை, பச்சை என்று வரிசை நகர்ந்து அவளிடம் வந்தது. சேர்க்கையின்போது பதிந்த நான்கு விரல்களையும் வைத்துப் பார்த்தாள். நான்குக்கும் சிவப்பு.

“யாரு மேடம் இவங்க?” என்றார் அதிகாரி.

“எங்க மாணவிதான் சார். தினமும் வர்றாங்க.”

“மெஷின் அப்படிச் சொல்லலையே. ஒருவேளை மெஷின்லதான் கோளாறோ? எங்க, நீங்க வைங்க.”

வைத்தேன். பயத்தில் விரல் சில்லிட்டு வியர்த்திருந்தது. ‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.’ முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே குரல்.

“அப்ப நீங்களும் இந்தக் கல்லூரி இல்லையா?” என்றார் அவர். இளையவர் சிரித்துவிட்டார். அவர்கள் வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு கணம், இத்தனை வருடம் வேலை பார்த்த இடத்தில் நான் யார் என்பதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை என்று தோன்றியது.

“மேடம், தலையில தேச்சி வைங்க!” இறால் உரிப்பவளின் குரல்.

அந்த இருவர் முன்னால் விரலைத் தலைமுடியில் தேய்த்து வைத்தேன். பச்சை.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. அவள் விரல்களையும் என் முகத்தையும் சிறிது நேரம் பார்த்தார். “தேர்வுப் பட்டியல் வர்ற சனிக்கிழமை போகுது. அதுக்குள்ள ஒரு தடவை மெஷின் இவங்களை ஒத்துக்கிட்டா, நீங்க எழுதின வருகை எல்லாத்தையும் ஏத்துக்கறேன். இல்லேன்னா பேரை எடுத்துடணும். நீங்க விளக்கம் எழுதிக் கொடுக்கணும்.”

அவர்கள் போனதும் அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ரெண்டு நாள் ஐஸ்ல நின்னா சாயம் போயிடும் மேடம்.”

“ரேகையும் சேர்ந்து போயிடுமே.”

அவள் கைகளை மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவள் துறைமுகத்தில் ஏல மீன் கூடை தூக்கும் வேலைக்குப் போனாள், விரல்களில் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு. “‘கல்யாணப் பொண்ணு வருது, வழி உடுங்க’ன்னு ஏலக்காரன் கத்தறான் மேடம்” என்று சிரித்தபடி சொன்னாள். பிறகு சிரிக்காமல், “மாமியாரு எங்கூட பேசறதில்ல. மருந்துன்னு வெச்சது குத்தமாப் பூடுச்சாம்” என்றாள்.

தினமும் பிற்பகல் அவள் விரல் வைப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். தினமும் சிவப்பு. அந்த வாரம் வீட்டில் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். விளக்கக் கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தால் முதல் வரியிலேயே குற்றவாளியாகிவிடுவேன். வெள்ளிக்கிழமை நாடி பார்க்கும் பயிற்சியில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள்.

“நூறைத் தாண்டுது மேடம். பயமா?”

“உனக்கு இல்லையா?”

“இருக்குது. ஆனா பேரை எடுத்துட்டா எனக்கு எறா உரிக்கறது இருக்குது. உங்களுக்கு இன்னா மேடம் இருக்குது?”

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் கையை விடுவித்து அடுத்த மாணவியிடம் நீட்டினேன்.

சனிக்கிழமை சாயம் வெளிறிச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. வலது கட்டைவிரல் வைத்தாள், சிவப்பு. வலது ஆள்காட்டி விரல், சிவப்பு. இடது கட்டைவிரலுக்கும் அதே குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் இடது ஆள்காட்டி விரலைத் தலையில் தேய்க்கும் சத்தம் கேட்டது, பிறகு ‘தேங்க் யூ.’

பின்னால் நின்ற பெண்கள் போட்ட கூச்சலில் முதல்வரே எழுந்து வந்துவிட்டார். அவர் பார்க்கும்போதே அந்தப் பதிவை அச்செடுத்துப் பட்டியலோடு அனுப்பினேன். அனுப்பி முடித்துவிட்டு எல்லோரையும் வகுப்புக்குப் போகச் சொன்னேன்.

இறால் உரிப்பவள் மட்டும் போகாமல் நின்றாள். “பரிட்சை அன்னிக்கும் மெஷின்தானா மேடம்?”

“ஆமாம்மா.”

“அதுவரைக்கும் ஐஸுக்குப் போவாம இருக்க முடியாது மேடம். கூடை தூக்கற கூலி பத்தல.”

“தெரியும்” என்றேன்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது நானும் மெஷின் முன்னால் நின்றேன். விரலை முந்தானையில் துடைத்து, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பாமல் தலையில் தேய்த்து, வைத்தேன். பச்சை எரிகிற வரை மூச்சுவிடவில்லை.