அப்பாவின் பட்டினியும் என் வயிற்று வலியும்

முந்தாநாள் திண்டுக்கல் ஸ்கேன் சென்டரில் என் வகுப்பு மாணவன் இருந்தான், அவன் அம்மா இருந்தார், வாத்தியார் என்ற முறையில் நானும் இருந்தேன். அவன் அப்பா வரவில்லை. மார்க் குறைந்ததிலிருந்து அவர் மகனோடு பேசுவதில்லையாம். பரீட்சை என்றாலே பையனுக்கு வயிறு சுருட்டிப் பிடிக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணுமில்லன்னா ஏன் சார் இந்தத் துடி துடிக்கிறான்?" என்றார் அந்த அம்மா. என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவன் வயிற்றில் தடவிய அந்தக் குளிர்ந்த பசை என்னை ரெட்டியார்சத்திரம் பக்கத்து எங்கள் வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா என்னை அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. மார்க் குறைந்தால் அன்று ராத்திரி அவர் சாப்பிட மாட்டார், அவ்வளவுதான். "எனக்குப் பசிக்கல, நீ சாப்டு அப்பு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். பகலெல்லாம் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த மனுஷன். எனக்குச் சோறு எப்படி இறங்கும், சொல்லுங்கள்? பத்தாம் வகுப்பில், மார்க் தாள் கொடுக்கிற நாளெல்லாம் காலையிலேயே வலி வந்தது.

அம்மா தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனாள். வயிற்றில் சிக்கிக் கிடக்கும் தீனியை வெளியே எடுக்கிற நாட்டு வைத்தியம் அது. அந்தப் பொம்பளை என் வயிற்றை அமுக்கி, உறிஞ்சி, ஏதோ ஒரு துண்டைத் துப்பிக் காட்டினாள். "பாரு, புரோட்டா." நான் புரோட்டா தின்று மாசக்கணக்காகியிருந்தது. "ஏலே, எனக்குத் தெரியாமக் கடையில தின்னியா?" என்று அம்மா முதுகில் ஒரு குத்து விட்டாள். வலியோடு அதையும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அங்கேயும் வயிற்றில் இதே குளிர்ந்த பசை. "வீட்ல பையனுக்கு ஏதும் கஷ்டமா?" என்று டாக்டர் கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "எம் புள்ளைய நான் கைநீட்டித் தொட்டதில்ல சார். வேணும்னா அவனையே கேளுங்க." டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். குடல்வாலாக இருக்கலாம் என்று வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அடுத்த பரீட்சைக்கே வலி திரும்பி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அப்பா எத்தனை வேளை பட்டினி கிடப்பாரோ. ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் வலி விட்டது. ஆபரேஷன்தான் காப்பாற்றியது என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்து தோட்டத்தை விற்க வைத்தது. செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு அங்கே வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். அப்பா இப்போது அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் பூ எடுக்கிறார். "தோட்டம் கெடக்கு விடு. ஓ வயிறு சரியாப் போச்சுல்ல, அது போதும்" என்கிறார். நானும் தலையாட்டி வைக்கிறேன்.

நோயே இல்லாத ஒரு குடல்வாலை எடுக்க எங்கள் வீட்டுக்கு ஆன செலவு, முப்பது சென்ட் மல்லிகை.