இடையில் விழுந்த ஆமென்

எங்கள் வீட்டில் சண்டை போடுவது கண்ணை மூடிக்கொண்டுதான். பொழுது அடைந்ததும் கூடத்தில் பாய் விரித்து, ஒரு பாட்டுப் பாடி, வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்து, ஆளுக்கு ஒருவராக ஜெபம் செய்வோம். பகலெல்லாம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வரும். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மாமி, என் கணவரின் அம்மா, என்னிடம் நேரடியாகச் சொல்ல மாட்டாள். "ஆண்டவரே, இந்த வீட்டுல சமைக்கிற கைகளுக்குக் கொஞ்சம் கவனத்தத் தாரும்" என்று அவரிடம் சொல்வாள். என் முறை வரும்போது நானும் விடுவதில்லை. "குத்தம் பாக்காம சாப்பிடுகதுக்கு ஒரு மனசையும் தாரும்" என்பேன். என் கணவர் இரண்டுக்கும் நடுவில் தூங்கி வழிவார். மாமனார் இருமுவார். கண்ணைத் திறந்த பிறகு யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நான் பூதப்பாண்டிப் பக்கத்தில் ஒரு சைவ வீட்டில் பிறந்தவள். அப்பாவுக்கு வயல்தான் எல்லாம். இரணியல்காரரைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் எடுத்து, இந்த வீட்டுக்கு வந்து என் தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் சபையில் நான் இன்னும் 'புதுசா வந்தவ'தான். என் மகளுக்குக் கல்யாண வயது வந்த பிறகும் நான் புதுசு. மாமியோ தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவ வீடு. பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. வருடா வருடம் சாட்சி சொல்லச் சொன்னால், தான் பதினாறு வயதில் மனம் திரும்பிய கதையை ஒரு சொல் மாறாமல் சொல்வாள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கத் தேவையில்லை என்றுதான் எல்லாருக்கும் எண்ணம்.

மாமியின் ஜெபத்தில் பெயர்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மாமனார், பிறகு துபாயில் இருக்கும் மூத்த மகன், அவர் குடும்பம், பிறகு என் கணவர், நான், எங்கள் பிள்ளைகள், கடைசியாக அவளுடைய ஒரே மகள். அந்த மகள், என் நாத்தனார், வடசேரிச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் கிறிஸ்தவர் இல்லை, அய்யாவழிக் குடும்பம். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். சேதி வந்த அன்று சாயங்காலமே மாமியின் வரிசையிலிருந்து மகளின் பெயர் போய்விட்டது. வீட்டு வாசலும் அவளுக்குச் சாத்தியாயிற்று. வெளியிலிருந்து வந்த என்னைத் தண்ணீரில் முக்கி உள்ளே எடுத்துக்கொண்டவர்கள், உள்ளே பிறந்த பெண்ணை ஒரே நாளில் வெளியே தள்ளினார்கள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

தொடக்கத்தில் என் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி முடித்ததும் மாமியின் குரல் அரை மூச்சு நிற்கும். அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போவது எனக்குக் கேட்கும். பிறகுதான் 'ஆமென்' வரும். வருடங்கள் போகப் போக அந்த அரை மூச்சும் இல்லாமல் ஆனது. என் இளைய மகன் பெயரும் ஆமெனும் ஒட்டிக்கொண்டே வரத் தொடங்கின. அது எந்த நாளிலிருந்து என்று எனக்குத் தெரியாது, ஆனால் கவனித்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. என் முறையில் நாத்தனாரின் பெயரைச் சொல்லி, "அவளுக்க அம்மைக்க மனசத் திறந்து..." என்று தொடங்குவேன். அவ்வளவுதான். "ஆமென்" என்று கூடம் அதிர ஒரு சத்தம் வரும். மாமி எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் ஆமென் சொன்ன பிறகு ஜெபம் இல்லை, அது சட்டம். நான் அந்த வாக்கியத்தை ஒரு நாளும் முடித்ததில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் விதைக்கிறவனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். வழியோரம் விழுந்த விதை, கற்பாறையில் விழுந்தது, முள்ளுக்குள் விழுந்தது, நல்ல நிலத்தில் விழுந்தது. விதை என்பது வசனம், நிலம் என்பது அதைக் கேட்கிறவர்களின் மனசு. வழியோரம் என்று அவர் சொன்னதும் மாமியின் முழங்கை என் விலாவில் இடித்தது.

"கேட்டியா? இது அவளுக்கு உள்ள செய்தி."

நான் சுற்றிப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவளை இடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் நல்ல நிலம், அத்தனை பேருக்கும் வழியோரத்தில் ஒரு சொந்தக்காரி. எனக்கு அங்கேயே எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. இவர்கள் அந்த நாலு நிலத்தையும் நாலு குடும்பமாக வைத்திருக்கிறார்கள். இன்ன வீட்டில் பிறந்தவள் நல்ல நிலம், இன்ன வீட்டிலிருந்து வந்தவள் முள்ளு. சாதியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டோம் என்று மேடையில் பேசுவார்கள், பிறகு வேதத்திலிருந்தே புதிதாக ஒன்றைச் செய்து உள்ளே கொண்டுவருவார்கள்.

ஆராதனை முடிந்ததும் போதகரை வாசலில் பிடித்தேன். "ஐயா, வழியோர நிலம் நல்ல நிலமா ஆகுமா? ஆயுசு முழுக்க ஆலயத்துக்கு வந்த ஒருத்திக்கு இனிமேலாவது காது திறக்குமா?"

யாரைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மாமி நாலடி தள்ளித்தான் நின்றாள். "ஜெபிப்போம் அம்மா" என்று சிரித்துவிட்டுக் கார் சாவியைத் தேடினார். ஜெபத்தில்தான் ஐயா எங்களுக்குச் சண்டையே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அவர் நின்றிருந்தால் அப்பாவின் வயலைப் பற்றிச் சொல்லியிருப்பேன். வயலின் கீழ்ப்பக்கம் குறுக்காக ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. யாரும் போட்ட பாதை இல்லை. ஆற்றுக்குப் போகிறவர்கள் நடந்து நடந்து விழுந்தது. மண்வெட்டி போட்டால் டங்கென்று சத்தம் வரும், அத்தனை இறுக்கம். வேறு பக்கமாகச் சாலை வந்து ஆள் நடமாட்டம் நின்ற வருடம், மழை பெய்து ஊறியதும் அப்பா அதையும் சேர்த்து உழுதார். மற்ற வயலைப் போலவே அங்கேயும் நெல் விளைந்தது. வழி என்று ஒரு மண் பிறப்பதில்லை. மிதிக்கிறார்கள், அதனால் வழியாகிறது. இது எங்கள் ஊரில் வரப்பில் நடந்த எவருக்கும் தெரியும். ஆலயத்தைச் சுற்றி இருந்த வயலையெல்லாம் செம்மண் அடித்து நிரப்பி வீட்டு மனை போட்டவர்களுக்குத்தான் மறந்துபோயிற்று.

இதெல்லாம் நடந்து சில மாதங்களில் அசனம் வந்தது. எங்கள் சபையின் வருடாந்தர விருந்து. அசனத்துக்கு யாரையும் தனியாக அழைக்க வேண்டாம், வந்தவரை யாரும் தடுக்கவும் முடியாது. ஊரில் இந்துக்களும் வந்து பந்தியில் உட்காருவார்கள். நான் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"வீட்டுக்குத்தான வரப்பிடாது. அசனத்துக்கு வா. அங்க உன்ன ஆரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"அம்மை சோறு வைப்பாளா மைனி?" என்று கேட்டாள்.

"பந்தியில இருக்கப்பட்ட எல்லாருக்கும் வச்சுதான ஆவணும்" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பெண்கள் பந்தியில் சோறு வைப்பது பல வருடமாக மாமியின் வேலை. இரண்டு பேர் சோற்றுக் கூடையைப் பிடித்துக்கொண்டு வர, அவள் தட்டால் வாரி வாரி இலையில் வைத்துக்கொண்டே போவாள். நாத்தனார் மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு எதிர் வரிசை. இலையில் பப்படம், அவியல், தோரன், ஊறுகாய் எல்லாம் வந்தாயிற்று. மாமி கூடையோடு வந்தாள். நாத்தனார் இலையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மாமி இந்தப் பக்கத்துக்காரிக்கு வைத்தாள், மகளின் இலையைத் தாண்டி அந்தப் பக்கத்துக்காரிக்கு வைத்தாள். அப்படியே போய்விட்டாள்.

பின்னாலேயே சாம்பார் வாளியோடு வந்தவர் அவள் இலைக்கு முன்னால் அகப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஊற்றுவதற்குச் சோறு இல்லை. சுற்றி இருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் கூடையைக் கொண்டுவரச் சொல்லி எழுந்து ஓடினேன். திரும்பி வருவதற்குள் நாத்தனார் இலையை மடக்கிவிட்டாள். அவியலும் தோரனும் உள்ளே இருக்க, அழாமல் மடக்கி, எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, பஸ் ஏறப் போனாள். நான் கேட் வரை பின்னால் போனேன். "நீ விளிச்சேன்னுதான் மைனி வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

எதிரி வந்தாலும் இலையைத் தாண்டிப் போகாத ஊர் இது. ஆளைப் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சோறு வைப்பார்கள். அன்று சாயங்காலம் அடுக்களையில் பாத்திரங்களை நான் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். மாமி வந்து கதவோரம் நின்றாள்.

"தெரிஞ்சு செய்யல்ல மக்ளே. கை தானா போச்சு. பந்தி முடிஞ்சு திரும்பிப் பாத்தப்பதான் எனக்கே..."

"தெரிஞ்சு செஞ்சிருந்தா ஒரு சண்ட போட்டு முடிச்சிருக்கலாம் மாமி" என்றேன். "தெரியாம செஞ்சியளே. தெனமும் ஜெபத்துல அவ பேர விட்டு விட்டுப் பழகிட்டு இல்லியா. இப்ப கையும் பழகியாச்சு."

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அவளிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று மாமியின் ஜெபத்தில் பெயர் வரிசையே வரவில்லை. "எல்லாரையும் காத்துக்கொள்ளும்" என்று முடித்துவிட்டாள். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. இதுவும் ஒரு நடிப்பு என்று நினைத்தேன்.

பெண்கள் சங்கத்துக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. சங்கச் செயலாளர் அம்மா காப்பியைக் குடித்துக்கொண்டே மாமிக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க விசனப்படாதீங்க அக்கா. அந்தப் பெண்ணுக்குத்தான் திமிரு. சபைக்க நடுவுல இலைய மடக்கீட்டுப் போறாளே."

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மாமி சொன்னாள்: "இலைல சோறு இல்லியேட்டி." அவ்வளவுதான் சொன்னாள். சாட்சி சொல்ல அழைத்தபோது, "நான் இன்னைக்குக் கேக்குகேன், வேற ஆராவது பேசுங்க" என்று சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி இல்லாமல் பேசத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் பாய் விரித்தோம். மாமி ஜெபம் தொடங்கி, பழைய வரிசையை மறுபடி எடுத்தாள். மாமனார், மூத்த மகன், நாங்கள், பிள்ளைகள். என் இளையவன் பெயருக்குப் பிறகு நின்றாள். அரை மூச்சு இல்லை, நீளமாக நின்றாள். பிறகு மகளின் பெயரைச் சொன்னாள். மாமனார் இருமலை நடுவில் அடக்கிக்கொண்டார். அந்தப் பெயருக்கு மேல் மாமிக்கு எதுவும் வரவில்லை, ஆமெனும் வரவில்லை.

"நீ ஜெபி மக்ளே" என்றாள். "நீ ஒண்ண சொல்ல வருவியே, நான் விடமாட்டேனே. அத சொல்லு. முழுசா சொல்லு. நான் எடையில ஆமென் சொல்லமாட்டேன்."

நான் கண்ணை மூடவில்லை. எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். இத்தனை லேசாக முடிகிற காரியத்துக்கா இத்தனை வருடம் ஒரு பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்தினாய் என்று. நான் கர்த்தரைக் கூப்பிடவே இல்லை, மாமியைப் பார்த்துத்தான் பேசினேன். சாத்திய வாசலைச் சொன்னேன், முழங்கையால் இடித்ததைச் சொன்னேன், புதுசா வந்தவ என்பதைச் சொன்னேன், சாம்பார் வாளியோடு நின்ற ஆளைச் சொன்னேன். என் கணவர் தூக்கம் கலைந்து என் கையைப் பிடித்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு வார்த்தையும் தடுக்காமல் கேட்டாள். நான் ஓய்ந்ததும் நிமிர்ந்தாள்.

"முடிஞ்சா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சு."

"ஆமென்" என்றாள்.

மறுநாள் காலையில் மாமி யாரிடமும் சொல்லாமல் மகளைப் பார்க்க வடசேரி பஸ் ஏறிவிட்டாள். பொழுது சாயத்தான் திரும்பினாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் நான் கேட்டேன், இன்னும் கோபம் ஆறாத குரலில்தான் கேட்டேன். "அவ சோறு வச்சாளா?"

"வச்சா." மாமி படியில் உட்கார்ந்தாள். "மாப்பிள்ளைக்கு வச்சா, பிள்ளைகளுக்கு வச்சா. எனக்க இலைக்கு வந்தப்ப கொஞ்சம் நின்னா."

நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரொம்ப நேரம் இல்ல மக்ளே, கொஞ்ச நேரந்தான்" என்றாள். "நான் இலையப் பாத்துட்டு இருந்தேன். பெறகு வச்சா."