ஐம்பத்தெட்டாவது வளைவு

என் பீரோவில், மடித்து வைத்த சட்டைகளுக்கு அடியில், ஒரு நம்பர் அட்டை கிடக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை; அதில் கறுப்பாக 214 என்று எண். சைக்கிளின் ஹேண்டில்பாரில் கட்டுவதற்கு இரண்டு ஓட்டைகள். ஒன்றில், அறுத்த பிளாஸ்டிக் கட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை அறுத்த பையனின் ஆரஞ்சு பனியனும் கையிலிருந்த கத்திரியும் மூன்று வருஷமாக என் கண்ணை விட்டுப் போகவில்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் அவனுக்குச் சேர வேண்டியது கொஞ்சம்தான். மிச்சம் யாருக்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அட்டை என் அண்ணியுடையது. அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அண்ணன் இருபது வருஷமாகக் குவைத்தில் இருக்கிறார். அண்ணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஊர் ஊராகச் சைக்கிள் பழகிய காலத்தில், பாவாடை தாவணியில் விழுந்து எழுந்து பழகியவர். அன்று தொடங்கி அவர் சைக்கிளை விட்டதில்லை. மகன் சென்னைக்கு வேலைக்குப் போனபோது தன் கியர் சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டுப் போனான். அண்ணி அதைத் துடைத்து, பின்னால் ஒரு கேரியர் பொருத்தி, காய்கறிப் பையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார். போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து.

எங்கள் பக்கம் மலை கிடையாது. சித்தன்னவாசல் குன்றையெல்லாம் மலை என்று சொன்னால் மலைக்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு இருப்பது காற்று. ஆடி மாதம் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்குத் தெரியும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது இறங்கித் தள்ளுவோம், மூச்சு வந்ததும் ஏறி மிதிப்போம். அதில் யாருக்கும் வெட்கமில்லை. அண்ணி இதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தார். "மூணு கரண்டு கம்பம் மிதிக்கணும், ஒரு கம்பம் தள்ளணும். இப்புடிப் போனா திருச்சிக்கே போயிரலாம் தம்பி" என்பார்.

நான் புதுக்கோட்டையில் ஒரு சைக்கிள் குழுவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கீரனூர் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புகிற குழு. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிற ஒரு சைக்கிள் பயணத்துக்கு வெளியூர்க்காரர்கள் அறிவிப்புக் கொடுத்தபோது, எங்களில் ஐந்து பேர் பெயர் கொடுத்தோம். அதைக் கேட்ட அண்ணி, "பொம்பளையாளுகளைச் சேத்துக்குவாகளா தம்பி?" என்று கேட்டார். சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். "அப்ப என்னையும் எழுதுங்க."

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கிற நேரம். சம்பந்தியாக வருகிறவர்கள், மாமியார்க்காரி சைக்கிளில் திரிகிறாள் என்று பேசுவார்கள் என்பது அவர் கவலை. வீடியோ காலில் என் முன்னால்தான் சொன்னார்: "போயிட்டு வா. ஆனா பாதியில முடியாம, கூட வர்ற வேன்ல ஏறிட்டேன்னு வையி, அந்தச் சைக்கிளைத் தூக்கிப் பரண்ல போட்டுடணும். அப்பறம் தொடக் கூடாது." அண்ணி யோசிக்கவே இல்லை. "சரி. முழுசா ஏறிட்டா, நீங்க சாகுற வரைக்கும் சைக்கிளப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது" என்றார். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கே சுருக்கென்றது.

மலை இல்லாத ஊரில் மலைக்கு எங்கே பழகுவது? ரயில்வே மேம்பாலத்தில் பழகினோம். ஏறுவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. ஒரே காலையில் நாற்பது தடவை. பாலத்தடியில் டீக்கடை வைத்திருந்தவர், "என்னம்மா, காண்ட்ராக்டர் பாலத்த ஒழுங்காக் கட்டிருக்கானான்னு பாக்குறியளா?" என்று கேட்பார். அண்ணி அசரமாட்டார். "ஆமாண்ணே, ஒங்க பக்கந்தான் கொஞ்சம் கோணலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஏறுவார்.

பெயர் பதிவுக்கான தாள்களை நான்தான் நிரப்பினேன். நான்கு பக்கம் ஆங்கிலத்தில் விதிமுறைகள். அண்ணிக்கும் சேர்த்து, எங்கெங்கே கையெழுத்து என்று காட்டி வாங்கினேன். ஒரு வரி படிக்கவில்லை. நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். விதியில் இடமில்லை, பாரத்தைச் சரியாகப் படித்துவிட்டு வாங்க என்று தினம் இருபது பேரையாவது திருப்பி அனுப்புகிறவன். அப்பேர்ப்பட்ட நான் அந்தத் தாளை நாலாக மடித்து, பனியனின் முதுகுப்பக்கப் பையில் செருகிக்கொண்டு மலைக்குப் போனேன்.

காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் விட்டார்கள். பதினொன்றுக்குள் மேலே போய்ச் சேர வேண்டும்; சேர்ந்தால் மெடல். எங்கள் குழுவின் மற்ற நால்வரும் முதல் ஐந்து வளைவுகளிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். அண்ணியோடு கடைசி வரை வருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அண்ணி கரண்டுக் கம்பக் கணக்கை வளைவுக் கணக்காக மாற்றிக்கொண்டார். முதல் இரண்டை மிதித்துக் கடந்தபின், மூன்று வளைவு மிதி, ஒரு வளைவு தள்ளு. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் இருந்த எண் பலகையை, ஊர்க்காரரை விசாரிப்பது போல, "வந்துட்டியா முப்பத்திரண்டு" என்று கூப்பிடுவார். என்னைவிட அவருக்குத்தான் மூச்சு சீராக இருந்தது. நான் நாக்குத் தள்ளிப்போய்க் கிடந்தேன்.

ஐம்பத்தெட்டாவது வளைவில் மணி ஒன்பது ஐம்பது. அது அண்ணி தள்ளவேண்டிய வளைவு. இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அந்தக் கடைசி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போகிற வேன். ஆரஞ்சு பனியன் போட்ட பையன் இறங்கி வந்து, "மேடம், சைக்கிளை விட்டு எறங்கிட்டீங்கன்னா அவுட்தான். வண்டியில ஏறிக்கங்க" என்றான்.

"நான் முடியாம எறங்கலப்பா. தள்ளுற வளைவுப்பா இது. அடுத்த வளைவுல ஏறிருவேன்."

"அதெல்லாம் ரூல்ஸ்ல இல்ல மேடம். பின்னாடி டிராஃபிக் நிக்குது பாருங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். தாள் நிரப்பியவன் நான், ஆங்கிலம் தெரிந்தவன் நான், வாக்குக் கொடுத்தவன் நான். எனக்காகக் காத்திருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏறுங்க அண்ணி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. பின்னால் நின்ற கார்க்காரர்கள் பார்த்தார்கள், வெட்கமாக இருந்தது என்பது பாதிதான். இவர் வேனில் ஏறிவிட்டால் நான் தனியாக வேகமாகப் போய்விடலாம், என் மெடல் தவறாது என்று அந்தக் கணத்தில் தோன்றியது. தோன்றிய வேகத்தில் வாயில் வந்துவிட்டது. அண்ணி ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, வேனின் பின்பக்கம் போய் ஏறி உட்கார்ந்தார். சைக்கிள் சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன். பையன் கட்டுகளை அறுத்து, சைக்கிளை வேனில் ஏற்றிவிட்டு, அட்டையை என் கையில் கொடுத்தான். நான் அதைப் பையில் செருகிக்கொண்டு மிதித்தேன். பத்தரை மணிக்கு மேலே நின்று, கழுத்தில் மெடலோடு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். தூ!

வீடு திரும்பிய அன்றே அண்ணி என்னைக் கூப்பிட்டார். "சொன்ன சொல்லுன்னா சொல்லுதான். தூக்கிப் போடுங்க தம்பி" என்றார். அண்ணன் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏணி போட்டு அந்தச் சைக்கிளைப் பரணில் ஏற்றினேன்.

ஒரு வாரம் கழித்து, துவைக்கப் போட்ட பனியனின் பையிலிருந்து என் மனைவி அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். வியர்வையில் ஊறி ஓரமெல்லாம் ஒட்டியிருந்தது. பிரித்துக் காயவைத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், ஏழாவது விதி: பங்கேற்பவர் இறங்கி, தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம், நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். அவ்வளவு தெளிவாக இருந்தது. பன்னிரண்டு வளைவு மிச்சம், கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அண்ணி அவர் வேகத்தில் வந்திருந்தாலே முக்கால் மணியில் முடித்திருப்பார். சட்டம் பேசிய அந்தப் பையனுக்குச் சட்டம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நான் அதை முதுகிலேயே சுமந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். படித்துச் சொன்னேன். முறம் நின்றது. "அப்ப நான் ஏறியிருப்பேனா தம்பி?" என்றார். "ஏறியிருப்பீங்க அண்ணி." "ம்" என்றார். முறம் மறுபடி ஆட ஆரம்பித்தது. திட்டியிருக்கலாம். நாலு அறை கொடுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். தப்பு என்னுடையது, அண்ணியை ஓட்டச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "முடிஞ்ச கதைய ஏன்டா கிளறுற? அவ வேன்ல வந்தாளா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றார். வந்தார்தான். நான்தானே ஏற்றினேன். மனுஷனா நீ என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மகனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. சம்பந்தி வீட்டில் சைக்கிளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மருமகளே ஸ்கூட்டியில்தான் போகிறாள். சைக்கிள் இன்னும் பரணில்தான் இருக்கிறது.

அண்ணி இப்போது மினி பஸ்ஸில் பாதி தூரம் போய், மிச்சத்தை நடக்கிறார். போன வாரம் ஆபீசுக்குப் போகும்போது ரோட்டோரம் அவரைப் பார்த்தேன். சுள்ளென்ற வெயில். இரண்டு கையிலும் காய்கறிப் பைகள். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்க அண்ணி" என்றேன்.

அண்ணி நின்றார். முகத்தில் கோபமே இல்லை. "ஒரு தடவ நீங்க சொல்லி ஏறுனது போதும் தம்பி. நீங்க கெளம்புங்க, நேரமாச்சுல்ல" என்றார்.

நானும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரோடு நடந்திருக்கலாம். பைகளையாவது வாங்கி மாட்டியிருக்கலாம். மலையில் செய்யாததை ரோட்டிலும் செய்யவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். 214. கட்டை அறுத்தவன் அந்தப் பையன். அவன் அறுப்பதற்கு வசதியாக, ஹேண்டில்பார் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.