தாய்மாமன் இல்லாத காதுகுத்து

நான்காம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. மூடியில் பொம்மைப் படம் போட்ட சாப்பாட்டு டப்பா என்னிடம் இல்லை.

அந்த ஜூன் மாதம் வரை அது யாரிடமும் இருந்ததில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில், மதியமானால் எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக்கு ஓடுவோம். பழைய சமையல்காரம்மா ஓய்வு பெற்றதும், கிழக்குத் தெருவிலிருந்து ஓர் அக்கா வேலைக்கு வந்தார். அடுத்த வாரமே எங்கள் தெருப் பிள்ளைகளின் பைகளில் டப்பாக்கள் முளைத்தன. கிழக்குத் தெருப் பிள்ளைகள் மட்டும் வழக்கம்போலத் தட்டு ஏந்தினார்கள். அதற்குப் பின்னால் சாதி இருந்தது எனக்குத் தெரியாது. டப்பா ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்தேன்.

அம்மாவும் இரண்டு நாள் ஒரு நசுங்கிய தூக்குச்சட்டியில் தயிர்சோறு கட்டிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"ஏத்தா, பள்ளிக்கூடத்துச் சாப்பாடு நல்லா இல்லையா?"

"தெரியலம்மா. எல்லாரும் கொண்டு வர்றாக."

அன்று மதியம் அம்மா திராட்சைத் தோட்டத்திலிருந்து, கொடி வெட்டும் கத்தரியை இடுப்பில் செருகியபடி நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டாள். சமையல் அக்காவிடம் ஒரு தட்டு கேட்டு வாங்கி, பிள்ளைகளின் வரிசையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் சோறு வாங்கினாள். "உப்புதான் ஒரு கல்லு கூட. நாளைக்குக் கொறச்சுக்கத்தா" என்று சொல்லித் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். ஆசிரியர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கத்தில் உயிரே போயிற்று.

மறுநாளிலிருந்து தூக்குச்சட்டியும் நின்றுபோனது. எங்கள் தெருவிலிருந்து தட்டோடு போனது நான் ஒருத்திதான். அழுதுகொண்டே போனேன். ஆனால் ஆள் குறைந்ததால் முட்டை மிஞ்சியது. இரண்டாவது முட்டை கிடைத்த நாளில் என் துக்கம் பெருமளவு தணிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா பைக்கில் வந்தார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஆவணியில் தம்பிக்குக் காது குத்துவதாக இருந்தது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். ஆனால் அன்று அவர் அதைப் பேச வரவில்லை.

"ஊரே ஒண்ணா நிக்குது. ஒனக்கு மட்டும் என்ன வந்துச்சு? நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைய யாரு கட்டுவாக?"

"நானும் யோசிச்சேன்ணே. அந்தச் சமையக்காரப் பிள்ள கையால சாப்பிட்டும் பாத்தேன். எனக்கு ஒரு தப்பும் தெரியல. எனக்கே தெரியாத தப்ப எம்பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லிக் குடுப்பேன்?"

"அப்ப காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்க."

காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அப்பா சண்டைக்குப் பயந்தவர். சாயங்காலம் மெல்லச் சொன்னார்: "விசேசம் முடியுற வரைக்குமாவது டப்பா கட்டிவிடேன். அப்புறம் ஒம் பிரியம்."

"அதுக்கப்புறம் அந்தப் பிள்ள மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்?"

அழைப்பிதழ் கொடுக்கப் போனபோது கிழக்குத் தெருவுக்கும் அப்பாவே போய்விட்டு வந்தார். அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

காதுகுத்து அன்று சமையல் அக்கா தன் கணவரோடு வந்து கோயிலுக்கு வெளியே தயங்கி நின்றார். அம்மா அந்த அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் பந்தியில் உட்கார வைப்பதாகச் சொன்னாள். உறவுப் பெண்கள் இரண்டு பேர் உடனே கிளம்பிப் போனார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கறிக்குழம்பு கொதிக்கிற வாசத்தை விட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலாண்டு விடுமுறை முடிந்ததும் எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் தட்டோடு வந்தார்கள். வருடம் முடிவதற்குள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். மீதிப் பேர் கடைசிவரை வரவேயில்லை. மாமா நான்கு வருடம் கழித்து ஒருநாள் தானாகவே வந்தார். நேற்றுத்தான் வந்துபோனவரைப் போல அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவரும் குடித்தார்.

ஆனால் காதுகுத்து அன்று அவர் வரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று காது குத்த வந்த ஆசாரி அவசரப்பட்டார். "தாய்மாமன் எங்கம்மா?" என்றார். எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, மாமாவுக்காகப் போட்டிருந்த பலகையில் தானே உட்கார்ந்தாள்.

"இங்கன நான் இருக்கேன். நானும் அவுகளும் ஒரே வயித்துல பெறந்தவுகதான். குத்துங்க."

ஊசி இறங்கியதும் தம்பி வீறிட்டான். அம்மாவின் கண்களிலிருந்தும் நீர் கொட்டியது. அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிள்ளையின் காதைப் பார்க்காமல் எதற்குச் சாலையையே பார்த்துக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கிட்டே போய் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

"அழாதம்மா, தம்பிக்கு வலி இப்பப் போயிரும்" என்றேன்.